அந்த புல்லு வண்டிய தூக்கிப் போட்றாத கண்ணு

அம்மிணி,

நேத்து நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்கு மனசே ஆறல. புல்லு வெட்ற வண்டி மேட்டுல ஏற மாட்டேங்குது, கடைக்காரன் வந்து பாத்துட்டு ஹைட்ரோ, அதான் ஆயில தள்ளி வீல சுத்த வெக்கற பாகம், போயிருச்சு மொத்தமா மாத்தணும், அந்த காசுக்கு புது வண்டியே வாங்கிக்கலாம்னு சொல்லிட்டான்னு சொன்னியே, அவன் ஆயில் மூடியவாச்சும் தொறந்து பாத்தானான்னு கேட்டேன், இல்லன்ன. அங்கதான் எனக்கு பொறுக்கல. போன்ல சொன்னா பாதி காத்துல போயிரும், அதான் உக்காந்து டைப் பண்றேன், மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்லு.

நீ சொன்னதுல எனக்கு முக்கியமா பட்டது ஒண்ணே ஒண்ணுதான். காலைல ஸ்டார்ட் பண்ணா நல்லா போகுது, முக்கா மணி நேரம் ஓட்டினப்பறம்தான் மேட்டுல திணறுதுன்ன. கண்ணு, இந்த வியாதிய நான் இருபத்திரண்டு வருசம் பாத்திருக்கேன். திருச்செங்கோட்டுல இருந்து போர் போட போன ரிக் வண்டி எல்லாத்துலயும் இதே கதைதான், காலைல ராடு சரசரன்னு எறங்கும், மத்தியானம் வெயில் ஏறுனா இழுவை போயிரும், டிரில்லர் பம்பு போச்சும்பான். போய் பாத்தா ஆயில ஆற வெக்கற கூலர் முழுக்க போர் மண்ணு அப்பிக் கெடக்கும். கழுவி விட்டா சாயங்காலம் பழையபடி ஓடும். எல்லா வண்டியும் அப்படி பொழைக்கல, ஆனா முதல்ல அதத்தான் பாப்போம்.

உன்ற வண்டில கியர் கெடையாது. இஞ்சின்ல இருந்து பெல்ட் வந்து ஒரு பம்ப சுத்துது, அதுக்குள்ள குட்டி குட்டி பிஸ்டன் வட்டமா நிக்கும், அதுங்க ஒரு தட்டு மேல உக்காந்திருக்கும். நீ பெடல மிதிச்சா அந்த தட்டு சாயும், சாஞ்ச அளவுக்கு பிஸ்டன் ஆயில தள்ளும், அந்த ஆயில் போய் மோட்டார சுத்தி வீல் உருளும். தட்டு நேரா நின்னா வண்டி நிக்கும், அந்தப்பக்கம் சாஞ்சா ரிவர்ஸ். அதாவது உன்னையும் வண்டியையும் மேட்டுல தூக்கிட்டுப் போறது ஆயில்தான், இரும்பு இல்ல. ஆயில் சூடாச்சுன்னா தண்ணி மாதிரி எளகிரும், பிஸ்டன் சந்துல நழுவி ஓடிரும், அப்ப மேட்டுல தள்றதுக்கு என்ன இருக்கு சொல்லு.

அதனால வர்ற சனிக்கெழம முதல் வேலை சுத்தம் பண்றது. இஞ்சின் ஆஃப் பண்ணி சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு, நல்லா ஆறுனப்பறம் பின்னாடி ரெண்டு வீலுக்கு நடுவுல இருக்கற டப்பாவ பாரு, நான் சொன்ன பம்பும் மோட்டாரும் அதுக்குள்ளதான் இருக்கு. மேல அத ஆற வெக்கற ஒரு பிளாஸ்டிக் ஃபேன் இருக்கும், அதுல எத்தனை இறக்கை ஒடஞ்சிருக்குன்னு எண்ணு. டப்பா மேல காஞ்ச புல்லு கம்பளி போத்துன மாதிரி கெடக்கும், போன வருசம் நான் அங்க வந்தப்பவே பாத்தேன், சுத்தம் பண்ணாம வந்துட்டேனேன்னு இப்ப வருத்தமா இருக்கு. குச்சியால நோண்டி எடுத்துட்டு, இலை ஊதற அந்த புளோயராலயே ஊதி விடு. பிரஷர் தண்ணி மட்டும் அடிக்காத, சீல் வழியா தண்ணி உள்ள போயிரும்.

அடுத்தது பெல்ட். ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா அது வழுக்குது, டென்சன் குடுக்கற ஸ்பிரிங் தொய்ஞ்சிருக்கான்னும் பாரு. பெல்ட் வழுக்கினாலும் ஹைட்ரோ போன மாதிரியேதான் தெரியும், ஆனா செலவு எங்க, அது எங்க. அப்பறம் வண்டிய கையால தள்றதுக்கு பின்னாடி ஒரு லீவர் இழுப்பீங்களே, அது முழுசா உள்ள போய் உக்காந்திருக்கணும், பாதில நின்னாலும் ஆயில் குறுக்கு வழில ஓடிரும்.

இனி ஆயில். வண்டி ஆறி இருக்கறப்ப டேங்க்ல COLD-னு இருக்கற கோடு வரைக்கும் இருக்கான்னு பாரு. மூடிய தொறக்கறதுக்கு முன்னாடி சுத்தி நல்லா துடைச்சிரு, ஒரு சிட்டிகை மண்ணு உள்ள போனா உப்புத்தாள் போட்டு தேச்ச மாதிரி பிஸ்டன கீறிரும், இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம். கொஞ்சம் உறிஞ்சி எடுத்து வெள்ளை கிண்ணத்துல ஊத்து. பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி போயிருக்கு, கருத்து தீஞ்ச வாசம் வந்தா சூட்டுல கெட்டுப்போச்சு, ரெண்டுக்கும் ஆயில் மாத்தி பாக்கலாம். வெயில்ல காட்டுறப்ப இரும்புத்தூள் மினுமினுன்னு தெரிஞ்சா கடைக்காரன் சொன்னது சரிதான், நானே ஒத்துக்கறேன்.

என்ன ஆயில்னு மேனுவல பாத்து ஊத்து. ரிக்குல 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊத்தியே பழகினவன் நான், ஆனா இந்த மாதிரி வண்டி பலதுக்கு இஞ்சின் ஆயில்தான் ஊத்தணும். உங்க பக்கத்து வீட்டுக்காரர் வெச்சிருக்கற ஜீரோ டர்ன், அதான் நின்ன எடத்துலயே திரும்புற வண்டி, அது மாதிரி வண்டிங்கள்ல வர்ற ஹைட்ரோ கியர்ங்கற கம்பெனி டப்பா சிலதுக்கு 20டபிள்யூ-50 இஞ்சின் ஆயில், ஃபில்டரோட சேத்து முதல் 75 மணி நேரத்துல ஒருக்கா, அப்பறம் 400 மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்தணும். உன்றதுல டிரெய்ன் போல்ட்டே இல்ல, டப்பாவ எறக்கி கவுத்துத்தான் வடிக்கணும். அத நீங்களா பண்ண வேண்டாம், வேற ஒரு மெக்கானிக்க புடிச்சு ஆயில் மாத்த மட்டும் எவ்வளவுன்னு கேளு.

மாத்தினப்பறம் ஆயில்ல மாட்டியிருக்கற ஏர எடுக்காம புல்லுல எறக்காத. சமதளத்துல நிறுத்தி, பின்னாடி லீவர இழுத்து வெச்சு, சீட்ல உக்காந்து ஸ்டார்ட் பண்ணி, பெடல மெதுவா முன்ன பின்ன அஞ்சாறு தடவ மிதி. ஆஃப் பண்ணிட்டு லீவர உள்ள தள்ளிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் முன்ன பின்ன அதே மாதிரி ஓட்டு. உறுமற சத்தம் அடங்குற வரைக்கும் பண்ணணும், ஆயில் எறங்குனா ஊத்திக்க. ஆனா மேட்டுல மட்டும் அந்த லீவர இழுத்துராத சாமி, வண்டி தன்னால உருண்டுரும், பெடல் எதுவும் புடிக்காது.

அந்த வேலியோர சரிவு 15 டிகிரிக்கு மேல இருக்கும்னு எனக்கு அன்னிக்கே சந்தேகம். அதுக்கு மேல வண்டி விட வேண்டாம்னுதான் மேனுவல்லயும் பொதுவா போட்டிருக்கும். வண்டி சரியானாலும் அந்த ஓரத்த தள்ற மெசின்லயே வெட்டுங்க, ஆயிலுக்கும் நல்லது, பேரன் பின்னாடியே ஓடி வர்ற வீடு அது.

சனிக்கெழம உனக்கு காலைல பத்து மணின்னா எனக்கு ராத்திரி ஏழரை, சாப்டுட்டு போன வெச்சுட்டு உக்காந்திருப்பேன். கிண்ணத்துல ஊத்துன ஆயில வெயில்ல வெச்சு போட்டோ எடுத்து அனுப்பு, அப்பறம் வீடியோல அந்த ஃபேன காட்டு. அதுவரைக்கும் புது வண்டிக்கு அட்வான்ஸ் எதுவும் குடுத்துராதீங்க.

அப்பா