அந்தப் பச்சை ஷூவை இப்போது வாங்காதே

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. தீபாவளி முறுக்கு வந்து சேர்ந்தது. கோமளா டீச்சர் வீட்டு ரகம், வேறென்ன சொல்ல.

உன் மெயிலைப் படித்தேன். கார்பன் தகடு வைத்த அந்தப் பச்சை ஓட்ட ஷூவை வாங்கலாமா என்று மூன்று பத்தி, கால் வலியைப் பற்றி அரை வரி. நீ அரை வரியில் தள்ளிவிடுவதைத்தான் கவனமாகப் படிக்கவேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டதற்கு முதலில் பதில்.

சுகன்யாவிடம் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. போன வாரம் அதை வாங்கி மாட்டிக்கொண்டு ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று வந்தேன். கையில் தூக்கினால் எடையே தெரியவில்லை. குதிகாலுக்கு அடியில் இரண்டு விரல்கடைக்கு நுரை. சாலைப் பந்தயங்களுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்று விதி இருக்கிறதாம், இது அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி உடனே எழும்புகிறது. வளைத்துப் பார்த்தேன், உள்ளே கார்பன் தகடு, அசையவில்லை. வேகமாக ஓடினால் நேர்சாலையில் ஆளைப் பிடித்து முன்னால் தள்ளுகிறது. பொய் சொல்லமாட்டேன், எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் வளைவில் திரும்பும்போது கணுக்கால் ஆட்டம் கண்டது. மூச்சு வாங்கி நம்முடைய வழக்கமான வேகத்துக்கு இறங்கியதும் அந்தத் தள்ளலும் காணாமல் போய்விட்டது.

அதற்குக் காரணம் உண்டு. 2017-இல் நைக்கி இந்த ரகத்தை விட்டபோது பெயரிலேயே ‘ஃபோர் பர்சென்ட்’ என்று போட்டுக்கொண்டது. அதே வேகத்துக்கு உடம்பு செலவழிக்கும் சக்தி நாலு சதவீதம் குறையும் என்று கணக்கு. கொலராடோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அளந்தார்கள். யாரை வைத்து? 10 கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடி முடிக்கிறவர்களை வைத்து. பிற்பாடு வேறு சிலர் மெதுவான வேகத்தில் அளந்தபோது, மணிக்கு 12 கிலோமீட்டரில் சராசரி லாபம் 1.4 சதவீதம், 10-இல் 0.9. சிலருக்கு அந்த ஷூவில் சக்திச் செலவு கூடவே ஆனது. நீயும் நானும் ஓடுவது எட்டரை! உன் ஹாஃப் மாரத்தான் டைமிங் இரண்டரை மணி. ஒரு சதவீதம் என்றே வைத்தாலும் ஒன்றரை நிமிஷம். தண்ணீர் கொடுக்கிற இடத்தில் நின்று அரட்டை அடிக்காமல் இருந்தால் அது இலவசமாகவே கிடைக்கும். இதற்கா இருபதாயிரம்?

சரி, அந்த அரை வரிக்கு வருகிறேன். “பாதத்துக்கு மேலே கொஞ்சம் வலி, ஓட ஆரம்பித்தால் போய்விடுகிறது.”

எங்கே வலி, விஜி? கணுக்காலுக்கு முன்னால், லேஸ் முடிச்சு உட்காரும் இடத்திலா? விரலால் அமுக்கினால் ஒரே புள்ளியில் சுள்ளென்கிறதா? அங்கே நவிக்குலர் என்று ஓர் எலும்பு இருக்கிறது. அதன் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, கீறல் விட்டால் எளிதில் ஒட்டாது. மாவுக்கட்டுப் போட்டு, காலை ஊன்றாமல் வாரக்கணக்கில் கிடக்கவேண்டி வரும். கார்பன் தகடு ஷூ போட்டு ஓடி, அந்த எலும்பில் பாதிப்பு வந்த ஐந்து பேரைப் பற்றி 2023-இல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேரை வைத்து ஷூதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விறைப்பான தகடு, பாதம் வளைகிற விதத்தையே மாற்றுகிறது. சுமை விழும் இடமும் மாறலாம். நல்ல காலுக்கே பழக நாளாகும்போது, வலிக்கிற காலில் அதைக் கொண்டுபோய் மாட்டுவானேன்? நம் வயசையும் பார். மாதவிலக்கு நிற்கிற இந்தப் பருவத்தில்தான் எலும்பு அடர்த்தி மளமளவென்று இறங்கும்.

எலும்பு டாக்டரைப் பார். எக்ஸ்ரே மட்டும் எடுத்து ஒன்றுமில்லை என்றால் எழுந்து வந்துவிடாதே. இந்த மாதிரிக் கீறல் அதில் பல சமயம் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேள். அதுவரை ஓட்டம் வேண்டாம்.

ஸ்கேன் நல்லபடியாக வந்தால் வாங்கிக்கொள். ஆசைக்கு வாங்குவதைச் சதவீதம் சொல்லித் தடுக்கமாட்டேன். ஆனால் தினமும் போடாதே, கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு யாராவது மாவாட்டுவார்களா? வாரத்தில் ஒரு நாள், குறைந்த தூரம். 2023-இல் எத்தியோப்பியாவின் திகிஸ்ட் அசெஃபா பெர்லின் மாரத்தானில் 2:11:53-க்கு ஓடி உலக சாதனை செய்தாளே, அவள் போட்டிருந்த அடிடாஸ் ஷூ ஒரு மாரத்தானுக்கென்றே செய்தது. 138 கிராம், அப்போது விலை 500 டாலர். நீயோ குக்கர் கேஸ்கட்டையே மாற்ற மனசு வராமல் வருஷக்கணக்காக ஓட்டுகிறவள். இந்தப் பச்சை ஷூவைத் தேயத் தேயப் போட்டுக்கொண்டுதான் அலைவாய்.

திங்கட்கிழமைக்குள் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. எழுதாவிட்டால் உன் வீட்டுக்காரருக்கே போன் போடுவேன். போட்டால் சைக்கிள் செயின் கதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

பிரியமுடன்,
மீனா