நண்டலாறு தாண்டி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. "மாவட்டத்தைப் பிரித்துப் பிரித்து என்னடா கண்டீர்கள், போர்டு எழுதுகிறவனுக்குத்தான் லாபம்" என்று கேட்டிருக்கிறாய். கோட்டையில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவன், கேட்கத்தான் செய்வாய்.

நம் சின்ன வயதில் எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. 1991ல் நாகை பிரிந்தது. 1997ல் அதிலிருந்து திருவாரூரையும் வெட்டி எடுத்தார்களே, அப்போது நம் மயிலாடுதுறைப் பக்கம் நாகையிலிருந்து தனித்துண்டாகிப் போனது. நடுவில் காரைக்கால். பொறையாறில் பஸ் ஏறி நண்டலாறு தாண்டினால் புதுச்சேரி அரசு; போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. வாஞ்சூர் கடந்தால் மறுபடி தமிழ்நாடு, அப்புறம்தான் நாகையில் நம் கலெக்டர். சொந்த கலெக்டரிடம் மனு கொடுக்க இன்னொரு அரசாங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்த ஜனம் நாங்கள். திரும்பும்போது சில பேர் காரைக்காலிலேயே இறங்கிக்கொள்வார்கள். எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

எல்லாம் பழைய பாக்கிதான். தரங்கம்பாடியில் 1620ல் வந்து உட்கார்ந்த டேனிஷ்காரன், 1845ல் இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போனான். காரைக்காலைப் பிரெஞ்சுக்காரன் 1954 வரை விடவில்லை. அவனுடைய எல்லையைத் தாண்டத்தான் நாங்கள் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தோம். 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்ததும் அது தீர்ந்தது. 1956ல் மொழிவாரி மாநிலமானபோது மொத்தமே 13 தானே.

போன வாரம் ஜமாபந்திக்குப் போனேன், அதுதான் வருஷா வருஷம் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்து மனு வாங்குவார்களே. அப்பா பெயரில் கிடக்கும் ஆறு மா நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும். ஷாமியானாவுக்குக் கீழே அனல். மேஜை மேல் கிராமக் கணக்குகள், அட்டையில் 'பசலி 1434' என்று வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. சிட்டா கம்ப்யூட்டரில் வருகிற காலத்திலும் அக்பர் காலத்துப் பசலி நம்மை விடவில்லை. பெரியப்பா மளிகைக்கடை பாக்கிக்குக்கூடப் பசலி போட்டுத்தான் எழுதுவார், ஞாபகமிருக்கிறதா?

1980ல் எம்.ஜி.ஆர். கிராமக் கணக்கப்பிள்ளை, கிராம முன்சீப் வேலைகளை ஒழித்தபோது, ஊர்க் கணக்குப் பார்த்த பெரியப்பா கணக்குகளைத் தாலுகாவில் ஒப்படைத்துவிட்டு வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அதே வருஷம்தான் சென்னையில் கும்பினி காலத்து வருவாய் வாரியமும் போனது. வருவாய்த் துறை ஏணியின் அடிப்படியும் உச்சிப்படியும் ஒன்றாகக் கழன்றன, நடுவில் வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ., தாசில்தார், வருவாய்க் கோட்டத்து ஆர்.டி.ஓ., கலெக்டர் எல்லாம் அப்படியே. பெரியப்பாவுக்காக எனக்கு வருத்தமுண்டு. ஆனாலும் எடுத்தது சரி. ஊரார் நிலமெல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அடங்கியிருந்தது. யாருக்குக் கணக்கு நகல் வேண்டுமென்றாலும் அங்கே வந்து நின்றாக வேண்டும். உட்காரச் சொல்வதா, நிற்கவைப்பதா என்பது வந்த ஆளைப் பொறுத்தது. உன் அப்பாவும் நின்றிருக்கிறார்.

பெரியப்பா இடத்தில் இப்போது இருக்கும் வி.ஏ.ஓ. தேர்வெழுதி வந்த பெண், திண்டுக்கல் பக்கம். நான் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. ஆதார் கேட்டார்.

உட்பிரிவு செய்ய சர்வேயர் வரவேண்டும். தேதி தெரிந்ததும் எழுதுகிறேன், அன்றைக்கு நீயும் வந்து இரு. மேலண்டை எல்லைக்கல் புதருக்குள் எங்கேயோ போய்விட்டது. அதன்மேல் ஏறி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவன் நீதான், உனக்குத்தான் இடம் தெரியும்.

அன்புடன்,
மணி