பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வாருங்கள்

எங்கள் மாலை வகுப்புக்கு வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வரும் தன்னார்வ மாணவர்களுக்கு,

வணக்கம் தம்பிகளே, தங்கைகளே. இருளர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றில் ஆறு வருடமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறேன். எந்த ஊர் என்று இங்கே எழுதவில்லை. காரணம் கீழே இருக்கிறது.

போன முறை நீங்கள் நான்கு பைக்கில் வந்து இறங்கினீர்கள். ஒரு பையன் நோட்டைப் போட்டுவிட்டு வேலிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான். உங்களில் ஒருவர் "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தார். அவன் வளர்ந்தது, அவன் குடும்பம் கொத்தடிமையாக இருந்த மரம் வெட்டும் இடத்தில். அங்கே பைக் சத்தம் கேட்டால் முதலாளி வருகிறார், அப்பாவுக்கு அடி விழப்போகிறது என்று அர்த்தம். இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் அவன் யோசிப்பதற்குள் கால் ஓடிவிடுகிறது. மனக்காயம் எப்போதும் அழுகையாக வராது. வகுப்பில் தூங்கி வழிவான், ஒன்றுமில்லாததற்குச் சீறுவான், எவ்வளவு கூப்பிட்டாலும் வாசலோரம்தான் உட்காருவான். ராத்திரி தூங்காத பிள்ளை பகலில் தூங்குவதைச் சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நம் பழைய வடஆற்காட்டில் அரிசி ஆலை, செங்கல் சூளை, மரவெட்டு என்று இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. மீட்கப்பட்டவர்களுக்கு விடுவிப்புச் சான்று உண்டு, உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் தூக்கத்தில் அலறி எழும் பிள்ளையோடு வாரம் ஒரு மணி நேரம் பேச ஓர் ஆள் வேண்டுமே, அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

வந்ததும் "உங்க அப்பா என்ன பண்றார்? அங்கே அடிச்சாங்களா?" என்று கேட்காதீர்கள். "பாம்பு பிடிப்பியா?" என்பதும் வேண்டாம். (கேட்டீர்கள். நான் அங்கேதான் நின்றேன்.) கபடி ஆடுங்கள், கணக்குப் போடுங்கள். சொல்லத் தோன்றினால் அவர்களே சொல்வார்கள். அப்படிச் சொல்ல வரும்போது "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் மட்டும் செய்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். "உனக்கு உதவ இன்னும் ஒருத்தரிடம் சொல்ல வேண்டியிருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது வேண்டவே வேண்டாம். கொடுமைக்கு ஆளான பிள்ளையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது குற்றம். ஊர் பெயரை நான் எழுதாததும் இதனால்தான்.

இதெல்லாம் ஒரு நாளில் பழகிவிடும். எனக்குக் கஷ்டமாக இருப்பது வேறு. மூன்று மாதம் அண்ணா, அக்கா என்று ஒட்டவைத்துவிட்டுச் சான்றிதழ் கையில் வந்ததும் காணாமல் போய்விடுகிறீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊர் மாற்றப்பட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு, சொல்லாமல் போகிறவர்கள் புதிதல்ல. ஆளுக்கு மூன்று பிள்ளைகள் போதும். ஒரு வருடம், அதே கிழமை, அதே நேரம். பரீட்சை என்றால் அதற்கு முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். நம் காலனியில் பிளஸ் டூ முடித்த இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். நீங்கள் போனாலும் அவர்கள் இங்கேதான் இருப்பார்கள்.

ஓடி ஒளிந்த பையன் போன ஞாயிறும் கேட்டான், அந்தச் சிவப்புச் சட்டை அண்ணன் வருவாரா என்று. தெரியாது என்றேன். வருவதாக இருந்தால் நாலு மணிக்குத் தெருமுனையில் நிற்கிறேன், அங்கிருந்து நடந்தே போகலாம்.

அன்புடன்,
மாலை வகுப்பு அக்கா