பைசன் பர்கர் பத்தி உனக்கு ஒரு லெட்டர்

மாப்ள,

உன் லெட்டர் கிடைச்சுது. பொண்ணு காலேஜ்ல சேந்தது, நீ ஒருவழியா கிரில் வாங்குனது, டாக்டர் கொழுப்ப குறைக்க சொன்னது எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டியிருந்த, ரொம்ப சந்தோஷமா படிச்சுட்டு வந்தேன். ஆனா கடைசில நாலே வரி, பைசன், அதான் அந்த அமெரிக்க காட்டெருமை, அதோட கறி வாங்கி பர்கர் போட்டேன், காஞ்ச கட்ட மாதிரி வந்துச்சு, இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்னு முடிச்சுட்ட பாரு, அத படிச்சதும் எனக்கு மனசே கேக்கல. அந்தக் கறி மேல தப்பு இல்லடா. அத மாட்டுக்கறி மாதிரி நெனச்சு சமைச்சா அப்படித்தான் வரும், அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படி.

மொதல்ல ஏன் காயுதுன்னு சொல்றேன். பர்கருக்குன்னு விக்கற மாட்டு கைமால பெரும்பாலும் 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. அந்தக் கொழுப்பு சூட்டுல உருகி உள்ளயே ஊறும், அதனால நாம ரெண்டு நிமிஷம் கூட விட்டாலும் நம்மள காப்பாத்திடும். பைசன் கைமா வழக்கமா 90க்கு 10தான், புல் மட்டுமே தின்னு வளந்ததா இருந்தா அதவிட கம்மியா கூட இருக்கும். கறிக்கு நடுவுல வெள்ள வெள்ளயா ஓடுற கொழுப்பு இதுல ரொம்ப கம்மி, அதனாலதான் அவ்ளோ கரும்சிவப்பா தெரியுது, அதனாலதான் சீக்கிரமாவும் வெந்துடுது. நீ மாட்டுக்கறிக்கு விடற அதே நேரத்த இதுக்கும் விட்டிருப்ப, அவ்ளோதான் விஷயம்.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. வட அமெரிக்க சமவெளில பைசன நம்பியே வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு இது நல்லா தெரியும். பெமிக்கன்னு ஒண்ணு செய்வாங்க, பைசன் கறிய மெல்லிசா அறுத்து காயவெச்சு, இடிச்சு தூளாக்கி, அதுல உருக்குன கொழுப்ப ஊத்தி பிசைவாங்க, சில நேரம் காட்டுப் பழங்களும் சேப்பாங்க, மாசக்கணக்குல கெடாம இருக்கும். கறில இல்லாத கொழுப்ப வெளியிலேந்து குடுக்கணும்ங்கறதுதான் அதுல இருக்கற புத்தி, நம்ம பர்கருக்கும் அதே புத்தி போதும். நான் ஃப்ரீசர்ல கல்லா உறைஞ்ச வெண்ணெய கேரட் துருவற துருவில துருவி, அரை கிலோ கைமாவுக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் அளவுக்கு கலப்பேன், சின்ன சின்ன துண்டா அங்கங்க நின்னு கிரில்ல போட்டப்புறம்தான் உருகும்.

டாக்டர் அப்படி சொல்லியிருக்கார், இவன் வெண்ணெய போட சொல்றானேன்னு கேப்ப. உனக்குன்னா வெண்ணெய விட்டுடு, காளான பொடியா நறுக்கி கொஞ்சம் ஆலிவ் எண்ணெய்ல தண்ணி சுத்தமா வத்தற வரைக்கும் வதக்கி, நல்லா ஆறவெச்சு, நாலு பங்கு கறிக்கு ஒரு பங்கு கலந்துக்கோ. காளான் ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், ருசியும் கறியோட ஒட்டிப்போகும். சொல்லப்போனா எனக்கே இப்பல்லாம் வெண்ணெயவிட இதுதான் பிடிச்சிருக்கு. முட்டை, ரொட்டித்தூள் எதுவும் போடாத, அப்புறம் பர்கரோட ருசியே போயிடும்.

உப்ப மட்டும் பிசையும்போது போடவே போடாத. உப்பு கறில இருக்கற புரதத்த இழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டவெச்சுடும், சாசேஜ் செய்யறவங்களுக்கு அதுதான் வேணும், ஆனா பர்கர்ல அது வந்தா கடிக்கும்போது ரப்பர். கைமாவ பர்கருக்கு வட்ட வடையா தட்டி முடிச்சு, கிரில்ல வைக்க போறதுக்கு முன்னாடி மேல கீழ நல்லா தூவு, மிளகும் அப்பவே. கைமாவ ரொம்ப பிசையவும் கூடாது, குளிர்ச்சியா இருக்கறப்பவே எடுத்து, ஒண்ணு 150லேந்து 170 கிராம், முக்கா இன்ச் கனம், நடுவுல கட்டைவிரலால லேசா ஒரு குழி, ஏன்னா வேகும்போது ஓரம் சுருங்கி நடு உப்பும், குழி இருந்தா தட்டையாவே நிக்கும். தட்டினத அரைமணி ஃப்ரிட்ஜ்ல வெச்சா உடையாது. கறி ஃப்ரீசர்ல இருந்துச்சுன்னா மொத நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜுக்கு மாத்திடு, மேடைல வெளிய வெச்சு உருக விடாத.

அடுப்பு விஷயத்துக்கு வரேன், இதுலதான் நெறைய பேர் கோட்ட விடறாங்க. கேஸா இருந்தாலும் கரியா இருந்தாலும் மூடி போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் நல்லா சூடேத்து, கம்பிய சுத்தம் பண்ணிட்டு எண்ணெய் தொட்ட துணிய இடுக்கில பிடிச்சு தடவு, கொழுப்பு கம்மியான கறி கம்பில சீக்கிரம் ஒட்டும். கரியா இருந்தா எல்லாத்தையும் ஒரு பக்கமா ஒதுக்கி, இன்னொரு பக்கத்த சூடு கம்மியா வெச்சுக்கோ, வெளிய நல்லா செவந்து உள்ள வேகலன்னா அந்தப் பக்கம் தள்ளிக்கலாம். நடுத்தரத்துக்கு கொஞ்சம் மேல சூடு, ஒரு பக்கம் நாலு நிமிஷம் போல, தானா கம்பிய விட்டு வரும்போது ஒரே ஒரு தடவ திருப்பு. கரண்டியால அமுக்கவே அமுக்காத! சொய்ங்னு ஒரு சத்தம் வருதே, அது நீ பாடுபட்டு சேத்த ஈரம் தீயில போற சத்தம்.

தெர்மாமீட்டர் வாங்கிடு மாப்ள, உடனடியா காட்டற மாதிரி ஒரு டிஜிட்டல் ஊசி போதும். அமெரிக்க வேளாண் துறை கைமாவுக்கு சொல்ற அளவு 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். முழுத் துண்டு கறில கிருமி மேல்பக்கம்தான் இருக்கும், தீ பட்டா போயிடும், ஆனா அரைக்கும்போது மேல இருந்தது எல்லாம் உள்ள கலந்துடுது, ஈ.கோலைங்கற பாக்டீரியா வந்தா குழந்தைங்களுக்கு கிட்னி வரைக்கும் போகலாம். கலர பாத்து சொல்லவும் முடியாது, வேகறதுக்கு முன்னாடியே பழுப்பானதும் உண்டு, வெந்தப்புறமும் சிவப்பா நிக்கறதும் உண்டு. 65லயே எடுத்துடு, அப்பதான் ஜூஸியா இருக்கும்னு சிலர் சொல்லுவாங்க, வீட்டுல சின்னப் பசங்களும் பெரியவங்களும் சாப்பிடறப்ப எனக்கு அது வேண்டாம். 71 வந்த நிமிஷமே எடு, ஊசிய மேலேந்து குத்தாம பக்கவாட்டுல நடு வரைக்கும் விட்டு பாரு. பைசன காயவெக்கறது 71 இல்ல, அத தாண்டி 80க்கு போறதுதான். எடுத்தப்புறம் மூணு நாலு நிமிஷம் தட்டுல சும்மா விடு.

மேல என்ன வெக்கறதுங்கறது உன் இஷ்டம். என்னோட ருசி கேட்டா, பொறுமையா வதக்குன வெங்காயம், ஒரு துண்டு செடார் சீஸ், வாட்டுன பன், போதும். பைசனுக்கு மாட்டுக்கறிய விட லேசா ஒரு இனிப்பு இருக்கு, நாலஞ்சு சாஸ் ஊத்துனா அது எங்க தெரியும் சொல்லு.

இந்தக் கறிய வீணடிக்கவேண்டாம்னு நான் இவ்ளோ அடிச்சுக்கறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஒரு காலத்துல அந்த சமவெளில பைசன் கோடிக்கணக்குல திரிஞ்சுது, 3 கோடிலேந்து 6 கோடி வரைக்கும் கணக்கு சொல்றாங்க, தோலுக்காக சுட்டாங்க, ரயில் வந்ததும் சுடறது இன்னும் சுலபமாச்சு, அத நம்பியிருந்த மக்கள பட்டினி போட்டு பணியவைக்கலாம்ங்கற எண்ணமும் அமெரிக்க ராணுவத்துல இருந்துச்சு, 1880கள் முடியறப்ப மிஞ்சுனது ஆயிரத்த ஒட்டித்தான். அப்புறம் அத காப்பாத்த 1905ல அமெரிக்கன் பைசன் சொசைட்டின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, 1907ல நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சி சாலைலேந்து 15 பைசன ரயில்ல ஏத்தி ஓக்லஹோமாவுக்கு அனுப்பிச்சாங்க, யோசிச்சு பாரு, மிருகக்காட்சி சாலைலேந்து காட்டுக்கு! பழங்குடி மக்களும் பண்ணைக்காரங்களும் தனியா காப்பாத்துன மந்தைங்களும் சேந்து இன்னிக்கு லட்சக்கணக்குல இருக்கு, 2016ல அமெரிக்காவோட தேசிய பாலூட்டியாவே அறிவிச்சுட்டாங்க. இப்ப இருக்கறதுல பெரும்பகுதி கறிக்காக வளக்கற மந்தைங்கதான், அதனால அத வாங்கி சாப்பிடறத நான் தப்பா நெனைக்கல, ஆனா வாங்குனா ஒழுங்கா சமைக்கணும். அங்க பைசனுக்கு வளர்ச்சி ஹார்மோன் குடுக்க அனுமதியே இல்ல, அதுவும் எனக்கு பிடிச்ச விஷயம்.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், என் முழங்கால் வலி பரவாயில்ல, தினமும் நடக்கறேன். பொண்ணுக்கு என் வாழ்த்த சொல்லு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படின்னு கேட்டு எழுது. அவ லீவுக்கு வரும்போது காளான் கலந்து ஒரு தடவ போட்டு பாரு, 71 வந்ததும் எடுத்தியா, எவ்ளோ நேரம் ஆச்சு, எல்லாத்தையும் விவரமா எழுதணும். மிச்சம் கைமா இருந்தா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாளுக்கு மேல வெக்காத.

அன்போட,
உன் மாப்ள