காகிதத் துண்டு உருவங்கள்: சனிக்கிழமை கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 4 முதல் 6 மணி வரை, குடியிருப்பின் பொது அறையில், வண்ணத்தாள் துண்டுகளை வெட்டி அடுக்கி, புகைப்பட ஆல்பத்தில் ஒட்டும் காகித உருவங்களுக்கு நாமே மாதிரி தயாரிக்கிறோம். வாங்கிய மாதிரியைவிட, உங்கள் குழந்தை வரைந்த பூனை ஆல்பத்தில் உட்கார்ந்தால் அதன் அழகே தனி!

1. எளிய கோட்டோவியம் ஒன்று கொண்டு வாருங்கள். அதை வெட்டப் போவதில்லை. துண்டுகளை அடுக்கி ஒட்ட அதுவே வழிகாட்டி.

2. அடியில் வரும் துண்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் எண் போட்டு வாருங்கள்.

3. துண்டுகளை டிரேசிங் தாளில் தனித்தனியாகப் படியெடுப்போம். இன்னொன்றின் அடியில் நுழையும் விளிம்பில் மட்டும் சுமார் 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். இதை மறந்தால் ஒட்டிய பின் இடைவெளி தெரியும். பலரும் தவறுவது இங்கேதான்.

4. படியெடுத்த மாதிரியை வைத்து வண்ணத்தாளின் பின்பக்கம் வரைவதானால், அதைத் திருப்பிப் போடுங்கள். இல்லையேல் உருவம் இடம் வலமாக மாறிவிடும்.

5. கொண்டுவர: டிரேசிங் தாள், பென்சில், சிறு கத்தரிக்கோல், பசை, வண்ணத்தாள். புகைப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவதால், நாளடைவில் படத்தைக் கெடுக்காத அமிலமற்ற (acid-free) தாளே நல்லது.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயரையும், உடன் வரும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் இங்கேயே பதிவிடுங்கள்.