தாத்தாவின் சவரக்கத்தி: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உங்கள் தாத்தாவின் சவரக்கத்தி நல்ல கத்திதான். லேத் பட்டறையில் கொடுத்து, சுற்றும் பாலிஷ் வீலில் பிடித்துப் பளபளவென்று ஆக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். காரணத்தை வாட்ஸப்பில் சொல்லி முடியாது. வீட்டில் பழைய கத்தி வைத்திருக்கிற மற்றவர்களும் படிக்கட்டுமே என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அதன் கழுத்தை, பிளேடு கைப்பிடியோடு சேரும் இடத்தை, பார். ‘சோலிங்கன்’, ‘ஜெர்மனி’ என்று பொறித்திருக்கிறது. கத்தி செய்தே பேர் வாங்கிய ஊர் அது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு நேர்ப் போட்டி. ஜெர்மன் சரக்கு ஷெஃபீல்டு பெயரில் விற்பனைக்கு வருகிறது என்று புகார் கிளம்பி, எந்த நாட்டில் செய்தது என்பது தெரிய வேண்டும் என்று 1887-ல் பிரிட்டன் சட்டம் போட்டது. மட்டச் சரக்கைக் காட்டிக்கொடுக்க வந்த முத்திரை, பிற்பாடு தரத்துக்கே அடையாளமாகிவிட்டது. 1938-ல் ‘சோலிங்கன்’ என்ற பெயருக்கே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு வந்தது. வீலில் பிடித்தால் இந்த எழுத்து முதல் நிமிடத்தில் போய்விடும்.

எழுத்து போனால்கூடச் சகித்துக்கொள்ளலாம். முதுகு, அதாவது கூருக்கு எதிரே இருக்கும் தடித்த ஓரம், தேய்ந்தால் கத்தியே போச்சு. சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் (கூரான ஓரமும்) ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி படுக்க வைக்க வேண்டும். முதுகின் தடிமன்தான் வாயின் கோணத்தை, சுமார் 16, 17 டிகிரியை, முடிவு செய்கிறது. உன் கையோ என் கையோ அதை முடிவு செய்வதில்லை. அப்புறம் சூடு. இரண்டு பக்கமும் குழிவாகக் கடைந்த அந்த மெல்லிய எஃகு வீலில் சட்டென்று சூடேறும். நீலம் பாரித்த இடத்தில் பதம் இறங்கி எஃகு மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

சரி, துரு எங்கிருந்து வந்தது? படத்தில் நன்றாகப் பார். மடக்கினால் கைப்பிடிக்குள் போகிற பகுதியில்தான் துரு அதிகம். மஞ்சளித்து வெடித்திருக்கும் அந்தக் கைப்பிடி செல்லுலாய்டு என்ற பழைய கால பிளாஸ்டிக் என்று நினைக்கிறேன். துணியால் அழுத்தித் தேய்த்து முகர்ந்து பார், கற்பூர வாசனை வந்தால் அதேதான். வயதானால் அது தானாகவே சிதைந்து அமிலப் புகை விடும். பக்கத்தில் இருக்கிற எஃகை அரித்துவிடும். ஆக, மாற்ற வேண்டியது கைப்பிடியை. கழற்றும்போது நெருப்பு, சூடு எதுவும் கிட்டே வரக்கூடாது, செல்லுலாய்டு குபீரென்று பிடிக்கும். கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஆணியின் தலையை அரத்தால் தேய்த்துவிட்டு மெல்லிய கம்பியால் தட்டி வெளியே எடு. தூக்கிப்போடுவதற்கு முன் கைப்பிடியின் பழைய பட்டையைத் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொள்.

எஃகுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தையல் மெஷின் எண்ணெயில் ஊறவை. வாயில் டேப் ஒட்டி, 600, 1000, 2000 நம்பர் என்று வாட்டர் பேப்பரை (உப்புத்தாளை) எண்ணெயோடு தேய். விரல் முதுகிலிருந்து வாயை நோக்கித்தான் போக வேண்டும். முதுகில் கல் படும் இடத்தையும் எழுத்தையும் தொடாதே. கரும்புள்ளிகள் மிஞ்சினால் மிஞ்சட்டும், வாயின் ஓரத்தில் இல்லாதவரை அவற்றால் ஒன்றும் கெட்டுப்போகாது.

உன் ஆசையையெல்லாம் புதுக் கைப்பிடிக்கான மரத்தில் காட்டு. ஈட்டி மரம் (ரோஸ்வுட்) அருமையாக இருக்கும். தமிழ்நாட்டில் அதை வெட்டுவதற்கு எதிராக 1994-ல் தனிச் சட்டமே வந்தது. அதனால் உடைந்த பழைய கட்டில் கால் எங்காவது கிடைக்கிறதா என்று பார். தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மாஸ்க் போட்டுக்கொள். ரேகை நீளவாக்கில் ஓடும்படி 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பட்டை அறு. இருபக்கமும் ஒட்டும் டேப்பால் இரண்டையும் சேர்த்து ஒட்டி, ஒரே துண்டாக வடிவம் வெட்டி, ஒரே துண்டாகத் துளை போடு. தனித்தனியாகப் போட்டால் துளைகள் நேராகச் சேராது. உள்பக்கத்துக்கு முதலிலேயே லின்சீட் ஆயில் பூசிவிடு. ஆணி அடித்தபின் துணி உள்ளே போகாது.

கைப்பிடியின் வால் முனையில் இரண்டு பட்டைக்கும் நடுவே ஒரு சின்ன ஆப்பு வரும். நிறைய பேர் இதை ஏனோதானோவென்று வைத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் கோபமே வரும். ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து சரிவாக இருந்தால்தான் பட்டைகள் லேசாக வளைந்து இறுக்கம் கொடுக்கும், பிளேடு நடுவில் வந்து படுக்கும். ஒரு பக்கம் சாய்ந்து வாய் மரத்தை உரசினால் ஆப்பை எடுத்து மறுபடி தேய்த்துச் சரிசெய்.

ஆணிக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும். வாஷருக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, நகைப் பட்டறையில் தட்டுவதுபோல மெதுவாகத் தட்டு. ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். பிளேடு தன் பாரத்தால் விழவும் கூடாது, திறக்க மல்லுக்கட்டவும் கூடாது.

தீட்டும் வேலை 1000, 4000, 8000 நம்பர் கல்லில், பிறகு தோல் வாரில். வாரில் முதுகுதான் முன்னால் போக வேண்டும், திருப்பி இழுத்தால் தோல் கிழியும். தெரு சாணைக்காரரிடம் கொடுக்காதே, அவர் அருவாமனைக்குத்தான் கெட்டிக்காரர்.

என்னிடம் ஓர் ஈட்டித் துண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வா, பித்தளைக் கம்பியும் வாஷரும் மட்டும் வாங்கிக்கொண்டு வா. மதியச் சாப்பாடு இங்கேதான் என்று அக்காவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
மாமா