பழைய இ-ரீடருக்கு ஒரு மின்கலம்: தயாரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

இ-ரீடர் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடருக்கு, மரங்களைக் காக்கும் கருவி என்ற பெயர் எளிதில் கிடைத்துவிட்டது. அச்சுப் புத்தகம் மாசற்றது என்று வாதிட நான் வரவில்லை. மரக்கூழுக்கும் வெளுப்பதற்கும் ஆகும் நீரும் வேதிப்பொருளும், விற்காமல் திரும்பி வந்து மீண்டும் கூழாகும் பிரதிகளும் அதன் கணக்கில் உள்ளவைதாம்.

ஆனால் இ-ரீடர் சூழலுக்குத் தரும் சுமையில் பெரும்பகுதி, வாசகர் அதன் உறையைப் பிரிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ‘இ-இங்க்’ எனப்படும் அதன் மின்-மைத் திரை பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் கேட்கும் என்பதால், பயன்பாட்டுச் செலவு அற்பம். சில்லுகளைச் செய்வதற்கும், மின்கலத்துக்கான லித்தியம், கோபால்ட்டைத் தோண்டி எடுப்பதற்கும் ஆன செலவே பெரிது. 2009-இல் கிளீன்டெக் குழுமம் என்ற ஆய்வு நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு, அமேசானின் இ-ரீடரான கிண்டில் ஒன்றுக்கு 168 கிலோ கரியமில வாயு என்றும், ஓர் அச்சுப் புத்தகத்துக்குச் சுமார் 7.5 கிலோ என்றும் கொண்டது. அதன்படி இருபத்து மூன்றாவது நூலில் கருவி ஈடுகட்டிவிடும். புத்தகத்துக்கு அவர்கள் கொண்ட அளவு மிகை என்பது என் கருத்து. அதைக் குறைத்தால் ஈடுகட்டத் தேவையான நூல்கள் பன்மடங்காகும். அதிலும், புதிதாக வாங்கியிருக்கக்கூடிய நூல்களை மட்டுமே எண்ண வேண்டும். இரவல் வாங்கிப் படிப்பவருக்கு இந்தக் கணக்கு பெரிதாக உதவாது.

ஆகவே கருவி எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதே கேள்வி. ஆறு ஆண்டுகள் பயன்படுத்திய என் கருவியின் திரையில் ஒரு கீறல்கூட இல்லை. மின்கலம் மட்டும் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பழுதுபார்க்கும் நிலையத்தில் மாற்று மின்கலம் இல்லை என்றார்கள், புதிய கருவிக்குத் தள்ளுபடி உண்டு என்றார்கள். 2022-இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது கால் பங்குகூட இல்லை என்பதை ஐ.நா. அறிக்கை சொல்லியிருக்க, நல்ல திரையையும் அந்தக் குவியலில் சேர்க்கச் சொல்வது எப்படிச் சூழல் அக்கறையாகும்?

கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே எளிதில் கழற்றி மாற்ற இயல வேண்டும் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு விதி, 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வரவிருக்கிறது. அங்கே கட்டாயத்தின் பேரில் செய்யப்போவதை எல்லா நாடுகளிலும் செய்யுங்கள். ஏற்கெனவே விற்ற மாதிரிகளுக்கும் மின்கலத்தைத் தனியாக விற்பனைக்கு வையுங்கள். மென்பொருள் பழையதாகிவிட்டது என்று உங்கள் மின்னூல் அங்காடியின் கதவை அவற்றுக்கு அடைக்காதீர்கள். ஒவ்வொரு மாதிரியின் உற்பத்தி உமிழ்வையும் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கருவியை இன்னும் தூக்கி எறியாத ஒரு வாசகர்